தாழ்த்தின காரோடு ஸ்காபரோவில் முதல் பனிக்காலம், தாக்குப் பிடிக்குமா?

விடியஷிப்ட் | நவம்பர் 8

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்டில் ஒரு 2014 சிவிக் வாங்கினேன். முதல் வைத்திருந்த பெடியன் கொயில்ஓவர் (காரின் உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்தது) போட்டு, 18 அங்குல றிம் போட்டு, நல்லாகப் பதித்து வைத்திருந்தான். வெயில் காலத்தில் பார்க்க வடிவுதான், அந்த வடிவில் மயங்கித்தானே நானும் காசைக் கொடுத்தேன். சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையாது.

இப்போது பிரச்சினை என்னவென்றால் இதுதான் கனடாவில் நான் கார் வைத்திருக்கப் போகிற முதல் வின்ரர். வேலை ஏஜாக்ஸில் ஒரு கிடங்கில், விடிய ஐந்து மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் தெருவுக்குப் பனி வாருகிற வண்டி வந்திருக்காது. நேற்று அடிமட்டம் வைத்து அளந்தேன், முன் பம்பருக்குக் கீழே இருக்கிற லிப் நிலத்திலிருந்து சரியாக 9 சென்ரிமீற்றர்.

மாமா சொல்கிறார், விற்றுப்போட்டு ஒரு எஸ்யூவி எடு என்று. கூட வேலை செய்கிறவன் சொல்கிறான், நல்ல வின்ரர் ரயர் நாலு போட்டால் காணும் என்று. யார் சொல்வது சரி? ரயருக்கும் செலவழித்து, பிறகு காரையும் விற்க வேண்டி வந்தால் இரண்டு பக்கமும் நட்டம்.

பழையறெஞ்சு | நவம்பர் 8

தம்பி, மாமா சொன்னதிலும் பாதி சரி, கூட்டாளி சொன்னதிலும் பாதி சரி. பனியில் இரண்டு வேறு வேறு தொல்லை இருக்கிறது, ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள்.

ஒன்று வழுக்குவது. அதற்கு மருந்து ரயர்தான், கார் உயரமா பதிவா என்பதெல்லாம் பிறகு. சிவப்பு விளக்கில் நிற்க முடியாமல் சறுக்கிக்கொண்டு நடுச்சந்திக்குப் போகிற எஸ்யூவி எத்தனை பார்த்துவிட்டேன். இழுக்கும்போது அதற்கு நாலு சக்கர பலம் இருக்கலாம், நிற்பாட்டும்போது எல்லோருக்கும் நாலு ரயர்தான்.

மற்றது வயிறு தட்டுவது. இதைத்தான் நீ யோசிக்க வேண்டும். ரயர் பிடிக்க வேண்டுமென்றால் அது பாரத்தோடு நிலத்தில் நிற்க வேண்டும். கார் பனிக்கு மேல் ஏறிப் படுத்துவிட்டால் பாரத்தைப் பனி தாங்கும், ரயர் சும்மா சுற்றும். அப்போது எவ்வளவு விலை கூடின ரயர் போட்டிருந்தாலும் ஒன்றுதான். உன் கார் கொம்பனியிலிருந்து வரும்போதே அவ்வளவு உயரமில்லை. அதிலிருந்து நாலைந்து போனால் போனதுதான்.

ஆனால் 9 சென்ரிமீற்றர் என்றால் 9 சென்ரிமீற்றர் பனியில் மாட்டுப்படும் என்று கணக்குப் போடாதே. மைனஸ் 12இல் விழுகிற பனி வறுத்த அரிசிமா மாதிரி, பம்பர் அதைத் தள்ளிக்கொண்டு போகும், 12 சென்ரிமீற்றர் கிடந்தாலும் போவாய். பூச்சியத்துக்குக் கிட்ட விழுகிறது புட்டுக்குக் குழைத்த மா. அது அமத்தின இடத்தில் இறுகும். அதில் 8 சென்ரிமீற்றரே காணும் உன்னை நிற்பாட்ட.

வயிற்றுவலி | நவம்பர் 8

எஸ்யூவி எடுத்தவர்கள் எல்லாம் பனி நாளில் 401 நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளத்தில்தான் கிடப்பார்கள், மாமாவுக்குச் சொல்லுங்கோ :)

மொன்றியல்காரன் | நவம்பர் 9

கியூபெக்கில் இந்த விவாதத்துக்கே இடமில்லை, டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படி இல்லை என்பதால்தான் ஒவ்வொரு வருசமும் இதே கேள்வி வருகிறது.

நான் சொல்ல வந்தது அளவைப் பற்றி. அந்த 18 அங்குல றிம்முக்கு வின்ரர் ரயர் தேடாதீர்கள். அதற்கு வருகிற 225/40/18 அகல ரயர் பனியில் பலகை மாதிரி, மேலே மிதக்கும். ஒடுக்கமான ரயர்தான் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். உங்கள் சிவிக்கின் விலை குறைந்த மொடலுக்கு 195/65/15 கொம்பனியே போட்டது. வெளி விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீற்றர் பிழைக்காது. பழைய இரும்பு றிம் நாலு பிடியுங்கள். ரயர் விலையும் குறையும், பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பெப்ரவரிக் குழிகளில் றிம்மும் தப்பும். வாங்க முன் ஒன்று, பிறேக் கலிப்பருக்கு மேல் 15 உட்காருதா என்று ஒரு றிம்மைப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். சில மொடலுக்கு 16க்குக் குறைந்தது உட்காராது.

வடிவு போகும், அது உண்மை. பதிந்த காரில் இரும்பு றிம் என்றால் கல்யாண வீட்டுக்கு வேட்டியோடு கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

கோவை2மிசிசாகா | நவம்பர் 9

நீங்க ரயர்னு எழுதினாலும் நாங்க டயர்னு எழுதினாலும் அது 7 டிகிரிக்குக் கீழே போனா கல்லாகிடும் நண்பா :) சம்மர் டயர், ஆல் சீசன் டயர் ரெண்டும்தான். பனியே இல்லாத காய்ந்த ரோட்டில்கூட பிரேக் தூரம் கூடும். அதனால் முதல் பனிக்குக் காத்திருக்காமல் இப்பவே மாற்றிடுங்க. பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட குறி இருக்கணும். வெறும் எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து மட்டும் இருந்தால் அது போதாது.

இன்னும் இரண்டு விஷயம், யாரும் இதுவரை சொல்லவில்லை. முதலில் கேம்பர். காரைத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள் ஓரம் மட்டும் ரோட்டில் படும். வெயிலில் அது ஸ்டைல். பனியில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டயரில் பாதிதான் வேலை செய்கிறது. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று காட்டும் அலைன்மென்ட் தாளை வாங்கிப் பாருங்கள். அடுத்தது இன்சூரன்ஸ். கொயில்ஓவர் இருப்பதை அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா? முந்தைய ஓனர் போட்டது என்பதெல்லாம் க்ளெய்ம் வரும்போது எடுபடாது. சொல்லும்போதே வின்டர் டயர் போட்டதையும் சொல்லுங்கள், 2016 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில் எல்லா கம்பெனியும் அதற்குத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். பெரிய தொகை இல்லை, இருந்தாலும் கேட்டால்தான் கிடைக்கும்.

விடியஷிப்ட் | நவம்பர் 10

எல்லோருக்கும் நன்றி. இன்சூரன்ஸ் விசயம் எனக்குத் தெரியவே தெரியாது, நாளைக்கே எடுத்துக் கதைக்கிறேன். இரும்பு றிம்மும் ரயரும் சேர்த்து ஒருவர் விற்கிறார், இரண்டு வின்ரர்தான் ஓடினதாம், ரயர்ப் பூவின் தடிப்பு 7 மில்லிமீற்றர் இருக்கிறது.

றெஞ்சு அண்ணை, கொயில்ஓவர் என்றால் உயர்த்தலாம்தானே? இதை நானே செய்யலாமா? குனிந்து பார்த்தால் அந்த உயரம் மாற்றுகிற வளையத்தில் எல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போய் இருக்கிறது.

பழையறெஞ்சு | நவம்பர் 10

அந்த வெள்ளைதான் வில்லன். றோட்டில் போடுகிற உப்பு. அலுமினிய வளையம் இரும்புப் புரியோடு உப்பில் ஊறினால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒரு வின்ரர் கவனிக்காமல் விட்டாலே அசையாது, உன்னுடையது எத்தனை வின்ரர் கண்டதோ.

செய்யலாம். ஆனால் அவசரப்படாதே. சனிக்கிழமை செய்ய இருந்தால் புதன்கிழமையே துரு இளக்குகிற எண்ணெய் அடித்து விடு, வியாழன் ஒருமுறை, வெள்ளி ஒருமுறை. கம்பிப் பிறஷ் எடுத்து, வளையத்துக்கு மேலே தெரிகிற புரியைத் தேய்த்துச் சுத்தமாக்கு, ஏனென்றால் வளையம் ஏறப்போகிற பாதை அதுதான். அழுக்கோடு திருப்பினால் புரி கடிபட்டுப் போகும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். திருப்ப முன் எத்தனை புரி தெரிகிறது என்று எண்ணி எழுதி வை, நாலு பக்கமும். காரை ஜாக்கில் மட்டும் நிற்பாட்டி வைத்துக்கொண்டு கீழே போகாதே, ஸ்ராண்ட் போடு.

உன்னுடையதில் அடிப்பக்கத்துப் பிடி திரும்புகிற வகையென்றால் அதைத்தான் திருப்ப வேண்டும், ஸ்பிரிங்கை நெரிக்கிற மேல் வளையத்தைத் தொடாதே. மேல் வளையம் மட்டும்தான் இருக்கிறது என்றால் வேறு வழியில்லை, அதைத்தான் ஏற்ற வேண்டும்.

மூன்று சென்ரிமீற்றர் ஏற்று, அதற்கு மேல் ஆசைப்படாதே. முடிந்ததும் புரி திரும்ப இறுகாமல் இருக்க அன்ரிசீஸ் பூசி, மேலால் கிறீஸ். பிறகு அலைன்மென்ற். அதைச் செய்யாமல் விட்டால் மேலே மிசிசாகாத் தம்பி சொன்ன தொல்லை மற்றப் பக்கத்தால் வரும். ஹெட்லைற்றும் மேலே பார்க்கும், அதையும் இறக்கு.

ஒஸ்லோவாசி | நவம்பர் 11

நோர்வேயிலிருந்து. இங்கே வின்ரரில் ரயர்ப் பூவின் தடிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, ஆணி ரயரும் போடலாம், ஒஸ்லோவுக்குள் ஓடுவதென்றால் அதற்குத் தனிக் கட்டணம். ஆணி ஐசுக்கு நல்லது, உங்கள் கவலை ஆழமான பனி, அதற்கு ஆணி உதவாது.

எனக்குப் பதிந்த கார் இல்லை, மகனுக்கு இருக்கிறது. அவனுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: தடத்தைப் பார். எல்லோரும் ஓடின தெருவில் இரண்டு தடம் இருக்கும், நடுவில் ஒரு மேடு இருக்கும். உயரமான வாகனங்கள் ஓட ஓடத் தடம் ஆழமாகும், மேடு அப்படியே நிற்கும். பகலில் கொஞ்சம் உருகி இரவு உறைந்தால் அந்த மேடு கொங்கிறீற். புதுப் பனியை விட பதிந்த காருக்கு அதுதான் எதிரி, எண்ணெய்ச் சட்டி அதில்தான் உடையும். அப்படித் தெருவில் ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, மற்றதைத் தடத்துக்கு வெளியே வைத்து மெதுவாகப் போவான். பார்க்க வெறிகாரன் ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

காற்றுப்பை | நவம்பர் 11

எயார் சஸ்பென்சன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை) போட்டால் பொத்தானை அமத்தினால் கார் எழும்பும், இந்தக் கதை ஒன்றும் தேவையில்லை.

பழையறெஞ்சு | நவம்பர் 11

குழாய்க்குள் ஈரம் உறைந்து வால்வு இறுகினால் எழும்பாது, அல்லது எழும்பினது இறங்காது. தண்ணீர் பிரிக்கிற போத்தலைக் கிழமைக்கு ஒருதரம் வடிக்கிறீர்களா? இல்லையென்றால் சனவரியில் இங்கேதான் வந்து கேட்பீர்கள்.

ஆறுவின்ரர் | நவம்பர் 13

நான் இதே மாதிரிக் காரை ஆறு வின்ரர் ஓடினவன், ஒரு சென்ரிமீற்றரும் உயர்த்தாமல். எல்லோரும் தேவையில்லாமல் பயப்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். ரொறன்ரோவில் வருசத்தில் எத்தனை நாள் 15 சென்ரிமீற்றருக்கு மேல் ஒரே தரத்தில் கொட்டுகிறது? விரல் விட்டு எண்ணலாம். மற்ற நாளெல்லாம் உப்புத் தண்ணீரும் சேறும்தான். 2022 சனவரி 17இல் டிவிபி, கார்டினர் என்ற இரண்டு நெடுஞ்சாலைகளையும் மூடினார்களே, அன்றைக்கு எந்தக் கார் வைத்திருந்தவனும் போகவில்லை. அப்படியான நாளில் பஸ் எடு, அல்லது லீவு போடு. முன் லிப்பை மட்டும் கழற்றி வை, அது பனியை அள்ளுகிற அகப்பை.

விடியஷிப்ட் | நவம்பர் 13

அண்ணை, நான் வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியில். லீவு போட்டால் அடுத்த கிழமை கூப்பிட மாட்டார்கள்.

ஆறுவின்ரர் | நவம்பர் 13

அப்படியென்றால் உயர்த்து தம்பி. நான் ஒபிசுக்குப் போகிறவன், என்னோடு ஒப்பிடாதே.

விடியஷிப்ட் | நவம்பர் 24

முன் இரண்டும் மூன்று சென்ரிமீற்றர் ஏறிவிட்டது. பின் வலது கஷ்டப்பட்டு வந்தது. பின் இடது வரவே இல்லை, றெஞ்சு வளைந்ததுதான் மிச்சம். ஒரு கராச்சுக்குக் கொண்டு போனேன், சூடு காட்டி எடுத்துத் தந்தார்கள், ஆனால் அலைன்மென்ற் செய்ததாகப் பில் போட்டுவிட்டுச் செய்யவில்லை, ஸ்ரியறிங் ஒரு பக்கம் இழுத்தது. தாளைக் கேட்டேன், தரவில்லை. வேறு இடத்தில் திரும்பக் காசு கொடுத்துச் செய்தேன். லிப்பையும் கழற்றியாயிற்று. இப்போது முன்னுக்கு 13 வருகிறது.

விடியஷிப்ட் | சனவரி 16

மாட்டுப்பட்டேன். ஆனால் தெருவில் இல்லை, எங்கள் வீட்டு வாசலில்.

இரவு முழுக்கக் கொட்டினது. மூன்றரைக்கு எழும்பிப் பார்த்தால் வழமைக்கு மாறாகத் தெருவை வாரிவிட்டார்கள், கறுப்பாகத் தார் தெரிகிறது. சந்தோசத்தில் ட்ரைவ்வேயில் இருந்த பனியை மட்டும் தள்ளிவிட்டு, வாசலில் அந்த வண்டி குவித்துவிட்டுப் போன வரம்பைப் பார்த்து, முழங்காலுக்குக் கீழேதானே, பின்பக்கமாக ஒரு வேகம் எடுத்தால் உடைத்துக்கொண்டு போகும் என்று நினைத்தேன். பின் சக்கரம் ஏறினது. பிறகு ஒரு சத்தம், பழைய பெட்டியைத் தரையில் இழுக்கிற மாதிரி. கார் நின்றுவிட்டது. முன் சக்கரம் இரண்டும் விசில் அடிக்கிற மாதிரிச் சுற்றுகிறது, கார் அசையவில்லை. இறங்கிக் குனிந்து போன் லைற்றை அடித்தேன், றெஞ்சு அண்ணை நவம்பரில் எழுதினது அப்படியே கண்ணுக்கு முன்னால்: நடு வயிறு வரம்பில் குந்தியிருக்கிறது, முன் ரயருக்குக் கீழே ஒரு விரல் அளவு வெளிச்சம் தெரிகிறது.

அந்த வரம்பு பனியே இல்லை, உப்பும் சேறும் ஐஸ் கட்டியும் சேர்ந்த கல். சவலால் மேலால் அள்ளிப் பிரயோசனமில்லை, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு சவல் பிடியால் குத்திக் குத்திக் கீழால் எடுக்க வேண்டியிருந்தது. முன்வீட்டு இத்தாலிக் கிழவர் பைஜாமாவோடு வந்து, ஒரு சொல்லும் பேசாமல், தன் கராச்சிலிருந்து பூனை மண் (பூனை கழிக்கப் பெட்டியில் போடுகிற மண்) பை ஒன்றைக் கொண்டுவந்து ரயருக்கு முன்னால் கொட்டினார். நாற்பது நிமிடம். என்ஜினுக்குக் கீழே இருந்த பிளாஸ்ரிக் தட்டு பாதி கிழிந்து தொங்குகிறது.

எப்படியோ 401இல் ஏறினால், 90 பிடிக்கிற நேரம் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கினது, பல்லும் சேர்ந்து ஆடுகிற அளவுக்கு. ஏதோ வளைந்துவிட்டதா? பயத்தில் 70க்கு மேல் போகவில்லை, வேலைக்கு அரை மணி பிந்தி.

பழையறெஞ்சு | சனவரி 16

அநேகமாக வளையவில்லை. றிம்மின் உட்பக்கத்தைப் பார், பனி ஒரு பக்கமாக அடைந்து உறைந்திருக்கும். சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பாரம் கட்டின மாதிரி. சுத்தியல் வேண்டாம், இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்று அல்லது கார் கழுவுகிற இடத்தில் பிறஷரில் அடி. மட்காட்டுக்குள் அடைந்திருப்பதையும் எடுத்துவிடு, பதிந்த காரில் இடைவெளி இல்லாததால் அது ரயரில் உரசும், ஸ்ரியறிங்கை முழுதாக வெட்ட விடாது. கழுவின பிறகும் நடுங்கினால் கொண்டுபோய்க் காட்டு.

அந்தத் தட்டைத் தொங்கவிட்டு ஓடாதே, காற்றில் மடங்கிப் பின்னால் வருகிறவனின் கண்ணாடிக்குப் போகும். புதுக் கிளிப் போடும்வரை சிப்ரையால் (பிளாஸ்ரிக் கட்டு வாரால்) இறுக்கிக் கட்டு.

இனி மாட்டுப்பட்டால், காருக்குள் சூட்டுக்காக என்ஜினை விட்டுக்கொண்டு இருக்க முன் பின்னால் போய்ச் சைலன்சர் வாயைப் பார். பதிந்த காரில் அது பனிக்குள் புதைந்து கிடக்கும். புகை வெளியே போக வழியில்லாவிட்டால் உள்ளே வரும், அதிலிருக்கிற கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணம் கிடையாது, நித்திரை மாதிரித்தான் வரும். அந்த இருட்டில் நாற்பது நிமிடம் நீ எத்தனை தரம் உள்ளே ஏறி இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் மறக்காதே.

விடியஷிப்ட் | சனவரி 16

இரண்டு தரம் கை சூடாக்க ஏறினேன் அண்ணை. சைலன்சரைப் பார்க்கவில்லை.

தண்ணீர் ஊற்றினேன், பின் இரண்டு றிம்முக்குள்ளும் பெரிய தேங்காய்ப் பாதி அளவு கட்டி. இப்போது நடுக்கம் இல்லை.

கோவை2மிசிசாகா | சனவரி 17

ரிவர்ஸில் வேகமெடுத்து ஏறியதுதான் தப்பு. அந்த வரம்பை ஒரே ஒரு டயர் அகலத்துக்கு இரண்டு வழி வெட்டி, நடுவையும் காரின் வயிற்று உயரத்துக்குச் சீவினால் போதும், முழுதாக அள்ள வேண்டியதில்லை. ஒரு இரவுக்கு இரண்டு தடவை வெளியே போய்த் தள்ளிவிடுவது, காலையில் ஒரே தடவையாகத் தள்ளுவதைவிடச் சுலபம். அது எனக்கும் மூன்றாவது வருடத்தில்தான் புரிந்தது. டோ வண்டி கூப்பிட நேர்ந்தால் போனிலேயே பிளாட்பெட் (காரை முழுதாக மேலே ஏற்றும் தட்டு வண்டி) என்று சொல்லிவிடுங்கள், சங்கிலி போட்டுத் தூக்கினால் பம்பர் போயிடும்.

மொன்றியல்காரன் | சனவரி 17

சக்கரம் சும்மா சுற்றாமல் தடுக்கிற ட்ராக்சன் கொன்ட்ரோல் பொத்தான்? புதைந்து நிற்கும்போது அதை நிற்பாட்டுங்கள், வெளியே வந்ததும் திரும்பப் போடுங்கள்.

வயிற்றுவலி | சனவரி 17

இத்தாலிக் கிழவருக்கு ஒரு பை பூனை மண் வாங்கிக் குடுத்தாச்சா?

விடியஷிப்ட் | சனவரி 18

மண்ணும் குடுத்தேன், அம்மா ஒரு பெட்டி பற்றிஸும் குடுத்துவிட்டா. உறைப்பு என்று சொல்லிச் சொல்லி முழுவதும் சாப்பிட்டார்.

விடியஷிப்ட் | மார்ச் 29

கணக்குச் சொல்லாமல் போகக் கூடாது. அந்த ஒரு நாளைத் தவிர வேலைக்குப் பிந்தவில்லை. பெப்ரவரியில் இரண்டு பெரிய பனி வந்தது, இரண்டு நாளும் இரவு பதினொன்றுக்கும் மூன்றுக்கும் எழும்பி வரம்பை வெட்டினேன். சேதம்: அந்தப் பிளாஸ்ரிக் தட்டு, கிளிப்புகள், மார்க்கம் றோட்டில் ஒரு குழியில் விழுந்து இரும்பு றிம் ஒன்று கொஞ்சம் நெளிந்தது, 18ஆக இருந்திருந்தால் வெடித்திருக்கும். கார் விற்கவில்லை. மாமா இன்னும் சந்திக்கிற நேரமெல்லாம் காரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்.

18ஐத் திரும்ப எப்போது போடலாம்? வெயில் வந்துவிட்டது, கை துடிக்கிறது.

கோவை2மிசிசாகா | மார்ச் 29

ஏப்ரல் நடுவரைக்கும் பொறுங்க. பகல் வெயிலைப் பார்க்காதீங்க, நீங்கள் ஓட்டுவது காலை நாலரை மணி, அந்த நேரத்துச் சூடு 7க்கு மேல் நிற்கணும்.

பழையறெஞ்சு | மார்ச் 30

போட முன் கீழே நல்லாகக் கழுவி உப்பை எடு, புரிக்குத் திரும்ப ஒருக்கா கிறீஸ். காரை இறக்கப் போகிறாய் என்றால் நவம்பரில் எழுதி வைத்த எண்ணிக்கையைத் தேடு, தொலைத்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். வின்ரர் ரயரைக் கழற்றும்போது ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் என்று சோக்கால் எழுதி வை.

விடியஷிப்ட் | மார்ச் 30

எண்ணிக்கை எழுதினது பிளாஸ்ரிக் தட்டின் உட்பக்கத்தில் அண்ணை. அந்தத் தட்டைத்தான் சனவரியில் கிழித்து எறிந்தேன்.